நேரான கண்

1. மாசியில் அத்தைக்கு மாறுகண் ஆபரேஷன் நடந்தது.
2. கண் நேரானது.
3. சித்திரையில் பரவையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.
4. காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

இவ்வளவும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ஆபரேஷனுக்கு முன் மதுரையில் டாக்டர் அவள் கண்ணெதிரே பட்டைக் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, விளக்கு ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகவா என்று கேட்டார். எங்கள் வீட்டில் கல்யாணமாகாத பெண்ணிடம் வெளியாள் எதைக் கேட்டாலும் அண்ணன்தான் பதில் சொல்வார். அப்பா சொன்னார்: "ஒண்ணாத்தான் தெரியும் சார்."

"நான் அவங்களைக் கேட்டேன்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "அண்ணன் சொன்னதுதான்."

சிலருக்குக் கண் நேரான பிறகு எல்லாம் இரண்டாகத் தெரியலாம், அது மாறாமலே இருந்துவிடவும் கூடும், அதை முன்கூட்டியே அறியத்தான் இந்தக் கண்ணாடிச் சோதனை என்றார் டாக்டர். அப்பா சிரித்தார். "பாக்க வாரவுக கண்ணு நேரா இருக்கான்னுதான் சார் பாப்பாக."

கட்டுப் பிரித்த பிறகு அத்தை குறையொன்றும் சொல்லவில்லை. படி இறங்கும்போதும் குழம்பு ஊற்றும்போதும் மட்டும் இடது கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு அப்போது ஏழு வயது. எனக்குத்தான் கண்ணடிக்கிறாள் என்று நானும் பதிலுக்கு அடிப்பேன். அத்தை சிரித்துவிடுவாள்.

பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டோடு மாப்பிள்ளை முன் குனிந்தவள் சற்றுத் தயங்கினாள். பிறகு இடது கண்ணை மூடினாள்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் வளத்திருக்கீக. சபையிலயே கண்ணடிக்குது."

கதவோரம் நின்ற நான் அத்தையைப் பார்த்துப் பதிலுக்குக் கண்ணடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டதற்கு, "தூசி விழுந்துருச்சுண்ணே" என்றாள்.

கண் பரிசோதனைப் படிப்பு முடித்த பிறகு, அதே மாதிரிக் கண்ணாடித் துண்டை நானே அத்தையின் கண்ணெதிரே பிடித்தேன். "ரெண்டு" என்றாள் உடனே. "டாக்டர் கேட்ட அன்னைக்கும் ரெண்டுதான்."

"ஏன் அத்தை சொல்லல?"

"அதான் அண்ணன் சொல்லிட்டாகளே."

அத்தையின் கண்கள் இன்றும் நேராக இருக்கின்றன. கல்யாணம் ஆகவில்லை. மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் மங்கலான தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டால் ஒன்றாகத் தெரிகிறது. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள். அப்பாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.