இரட்டையரில் கெட்டவன்

என் அண்ணன் எனக்குப் பதினொரு நிமிடம் மூத்தவன். எங்கள் இருவருக்கும் ஒரே முகம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் வளர்ந்தோம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்தார். வீட்டில் அவனைப் பெரியவன் என்றும் என்னைச் சின்னவன் என்றும் கூப்பிட்டார்கள். அந்தப் பதினொரு நிமிடத்தை வைத்துக்கொண்டு அவன் லோரியில் ஜன்னலோரம் உட்கார்ந்தான், எனக்கு முன்னால் குளித்தான், கோழிக்கறியில் காலை எடுத்துக்கொண்டான். அப்பா யாரிடமோ பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்தபோது நல்ல கன்ட்ரோலர் அவன் கைக்குப் போனது. என்னுடையதில் குதிக்கும் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நான் பள்ளத்தில் விழுந்து செத்துக்கொண்டே இருப்பேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பான்.

பத்து வயதில் எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "இரட்டைப் பிள்ளையில ரெண்டாவதா வர்றவன்தான் நெசமான மூத்தவன். மொதல்ல உள்ள போனவன் கடைசியாத்தானே வெளிய வர முடியும்?"

அன்று இரவு சாப்பாட்டில் அறிவித்தேன். "இனிமே நான்தான் பெரியவன்."

அண்ணன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி அறைந்தான். நான் அவன் காதைக் கடித்தேன். அப்பா இருவரையும் பிரித்துவிட்டுச் சிரித்தார். "பதினொரு நிமிஷத்துக்கு இவ்வளவு சண்டையாடா?" அவருக்கு அது வேடிக்கை. எனக்கு இல்லை. அதற்குப் பிறகு நான் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படித்து முடித்து நான் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜொகூர் பாருவுக்கு வந்தேன். சின்னதொரு கேம் நிறுவனத்தில் கதை எழுதும் வேலை கிடைத்தது. அண்ணன் ரெங்கத்திலேயே இருந்தான். பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனான், கோயில் தலைவர் ஆனான். ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொல்வான்: "முடிவு எடுத்தாச்சு." அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அந்த வாக்கியத்தை நான் வாராவாரம் கேட்டேன். அப்பாவை வேறு மருத்துவமனைக்கு மாற்றியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்படித்தான். அவருடைய கட்டிலை என் அறையில் போட்டான், என் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிப் பின்கட்டில் வைத்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டா நீ என்னா சொல்லியிருப்ப? அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டறது யாரு, நீயா?" என்றான். அவன் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அதன் பிறகு அவனுடைய அழைப்புகளை எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அப்பா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இறந்தார். அன்று நான் சிங்கப்பூரில் இருந்தேன். நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த கேமின் டெமோவை ஒரு வெளியீட்டு நிறுவனத்துக்குக் காட்டுவதற்காக என் முதலாளியோடு விடியற்காலையிலேயே காஸ்வே பாலத்தைக் கடந்து போயிருந்தேன். அவர் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிட நான்கு வயது இளையவர். கேமில் இரண்டு இளவரசர்கள், இரட்டையர்கள். ஒருவன் நல்லவன், இன்னொருவன் அரியணைக்கு ஆசைப்படுபவன். டெமோ முடிந்ததும் அந்த நிறுவனத்துக்காரர்கள் சொன்னது ஒன்றுதான்: வில்லன் சரியில்லை, அவனைப் பார்த்தால் பயமும் வரவில்லை, பாவமும் வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து பதினேழு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டபோதுதான் அப்பா போய்விட்டது தெரிந்தது, உடனே புறப்படுகிறேன் என்றேன். சிங்கப்பூரில் என் கைப்பேசிக்கு லைன் கிடைக்கவில்லை, அதனால்தான் தெரியாமல் போயிற்று என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் காஸ்வேயைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிநுழைவுச் சோதனையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அதற்குப் பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாலத்தில் நடந்தேன். ரெங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டை நெருங்கியிருந்தது. வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலையையும் மீசையையும் மழித்து, ஈர வேட்டியோடு நின்றான். எங்கள் இருவரில் கொள்ளி வைத்தவன் யார் என்று யாராலும் பார்த்தவுடன் சொல்ல முடிந்தது.

"ஏன்டா எனக்காகக் காத்திருக்கல?"

"அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்தோம். அதுக்கு மேல மின்சுடலையில எடுக்க மாட்டாங்க. நாளைக்குச் சனிக்கிழமை, வீட்ல இருக்கிற பெரியவங்க எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"நான் வந்துக்கிட்டுதானே இருந்தேன்?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைப்பதற்கு உலர்ந்த துணி இல்லை. "முடிவு எடுத்தாச்சுடா" என்றான்.

அப்பா முகத்தைப் பார்க்காதவன் நான் ஒருவன்தான். மின்சுடலையில் பொத்தானை அழுத்தியது அண்ணன் என்று அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

கருமக்கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வில்லனை முதலிலிருந்து எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியும் என்றேன். ஒன்பது நாளில் எழுதினேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, அதற்குப் பிறகும் எழுதியதில்லை.

என் வில்லன் இரண்டாவதாகப் பிறந்தவன். மூத்தவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நேரத்தில் ராஜா இறந்துபோகிறார். அவன் துறைமுகத்தை மூடச் சொல்கிறான். மூத்தவனின் கப்பல் கரைக்கு வருவதற்குள் சிதைக்குத் தீ வைத்துவிட்டு, சாம்பல் சூடு ஆறுவதற்குள் கிரீடம் வைத்துக்கொள்கிறான். கடைசியில் பிறந்தவனே கருவில் முதலில் வந்தவன், ஆகவே அரியணை என்னுடையது என்று சபையில் வாதிடுகிறான். அது போதவில்லை. பக்கத்து நாடுகளைப் பிடிக்கிறான், அமைச்சர்களைக் கொல்கிறான், நாட்டில் கண்ணாடியே இருக்கக் கூடாது என்று சட்டம் போடுகிறான். ஏனென்றால் எந்தக் கண்ணாடியிலும் அண்ணனின் முகம் தெரிகிறது. ஒவ்வொரு கொடுமைக்கு முன்பும் மெதுவான குரலில் சொல்கிறான்: "முடிவு எடுத்தாச்சு."

ஓவியருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. என் படங்களையே கொடுத்தேன். அண்ணனுடைய மீசையை மட்டும் வைக்கச் சொன்னேன். அப்போது எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. அவனிடம் கேட்காமல் அவனை எடுத்துக்கொண்டேன், அவன் என்னிடம் கேட்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட மாதிரி.

கேம் வெளிவந்தது. நல்ல இளவரசனை யாரும் கண்டுகொள்ளவில்லை. வில்லனைத்தான் எல்லோரும் பேசினார்கள். அவனைப் போல் மீசை ஒட்டிக்கொண்டு வீடியோ போட்டார்கள். "முடிவு எடுத்தாச்சு" என்பதை மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடத் தமிழிலேயே சொன்னார்கள். அலுவலகத்தில் எனக்கு கேக் வெட்டினார்கள். நான் வீட்டுக்கு எதையும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என் அடுக்குமாடி வீட்டு வாசலில் நின்றான். அதற்கு முன் அவன் அங்கே வந்ததே இல்லை. ஒரு பை நிறைய டுக்கு பழம் கொண்டுவந்திருந்தான். உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"எங்க தொழிற்சாலையில ஒருத்தன் காட்டினான், அட, அலமாக் பாஸ், இது நீங்கதானேன்னு. நானும் போன்ல இறக்கி ஆடினேன். மூணு வாரம் ஆச்சு. முழுசா முடிச்சிட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் எழுதியிருக்க. நான் நல்லவனைத்தான் எடுத்தேன். கடைசியில உன்னைக் கொல்ல வேண்டி இருந்துச்சு. அதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

"என்னையா?" என்றேன். "அது நான் இல்ல. அது நீ. மீசையைப் பார்த்தியா இல்லையா? பேசறது யாரு மாதிரி இருக்கு?"

அவன் என்னை உண்மையாகவே புரியாமல் பார்த்தான். அவன் நடிக்கவில்லை. எனக்கு அவனைத் தெரியும்.

"பேச்சு என்னுதுதான். அதைத்தான் அந்தப் பையன் சொன்னான். ஆனா ரெண்டாவதா பொறந்தவன்தான் மூத்தவன்னு சொன்னது நானா, நீயா? என் காதைக் கடிச்சியே, ஞாபகம் இருக்கா? எனக்கு என்ன வேணும்னு நீ நெனைக்கற? பெரியவன் பெரியவன்னு எல்லா வேலையையும் என் தலையில கட்டினாங்க. நான் கேட்டு வாங்கல. நீதான் அதைக் கேட்டுக்கிட்டே இருந்த."

நான் பேச்சை மாற்ற நினைத்தேன். மாற்றத் தெரியாமல், மனதில் இருந்ததையே சொன்னேன். "நீ எனக்காகக் காத்திருக்கல. அப்பாவை நான் பார்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்ட."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"காலையில ஒன்பது மணிக்கு உனக்கு போன் அடிச்சேன். ரெண்டு தடவை மணி அடிச்சுச்சு, நீ கட் பண்ணின. லைன் இல்லன்னா மணி அடிக்காதுடா. கட் பண்ணிட்டு போனை அடைச்சு வச்சிட்ட. அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க, என்ன சொல்றான்னு கேட்டாங்க. லைன் கிடைக்கலன்னேன். அன்னிக்கு வந்த எல்லாருக்கும் அதையேதான் சொன்னேன்."

ஒன்பது மணிக்கு நாங்கள் அந்த நிறுவனத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். கைப்பேசி அதிர்ந்தது, அண்ணனின் எண் தெரிந்தது. திரும்பவும் ஏதாவது முடிவு எடுத்துவிட்டுத் தகவல் சொல்லக் கூப்பிடுகிறான் என்று நினைத்து வெட்டிவிட்டு, கைப்பேசியை அணைத்தேன். நான் அதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த ஒன்பது நாளும் எழுதிக்கொண்டிருந்தபோது அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் துறைமுகத்தை அவன் கையால் மூட வைத்தேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவன் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான் என்றுகூடத் தோன்றுகிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டாக அவன் என்னை அம்மாவின் முன்னால் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அதையும் என்னிடம் கேட்காமலேயே செய்திருக்கிறான். அதற்காகவும் அவனை வெறுத்தேன்.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். "அடுத்த மாசம் அப்பா திதி வருது. நீ வரணும்னு இல்ல. நான் பார்த்துக்கறேன்."

"வர வேண்டாம்னு சொல்றியா?"

"வந்து என்னா செய்யப் போற? நீ உன் வேலையைப் பாரு."

திதியன்று நான் போனேன். வேண்டுமென்றே போனேன். காலை ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்து ஐயர் போய்விட்டிருந்தார். அண்ணன் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தான். அம்மா மட்டும் இருந்தார். அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தேன். அம்மா இலை போட்டுச் சாம்பார் ஊற்றினார்.

"ஏழு மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்களேய்யா. நீ கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்ல? அண்ணன் உனக்கு நேரம் சொல்லலியா?"

அவன் எனக்காகச் சொன்ன பொய் அப்போது என் மனதில் இருந்தது. நானும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னான்மா, நான்தான் லேட்டு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

"அவன் என்னை வரவே வேண்டாம்னு சொல்லிட்டான்மா" என்றேன்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறகு அதைச் சட்டியில் வைத்துவிட்டு, என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் அடித்தார். அம்மா அவனை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையை அப்பன் திதிக்கு வராதே என்று சொல்ல நீ யார், உனக்கு இந்த வீட்டில் யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்று கேட்டார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது மணி அழைப்பைப் பற்றி அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவின் கோபம் என் பக்கம் திரும்பியிருக்கும். நான் வாழைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பசித்தது.

அம்மா துணிகளை எடுத்துக்கொண்டு என்னோடு ஜொகூர் பாருவுக்கு வந்தார். பதினான்காவது மாடியில் பதினாறு நாள் இருந்தார். மின்தூக்கியில் ஏறப் பயந்து கீழே இறங்கவே இல்லை. நான் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் இல்லை. பதினேழாவது நாள், ஊரில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று சொன்னார். அண்ணன் கார் கொண்டுவந்து கீழேயே நின்றான். நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் வைத்தேன். அவன் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா இருவரிடமும் பேசுகிறார், ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் எதுவும் சொல்வதில்லை.

இப்போது கேமின் இரண்டாம் பாகம் எழுதுகிறேன். செத்துப்போன வில்லன் திரும்பி வர வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்கிறார்களாம். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அவனை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு இங்கே யாருக்குத் தெரியும் என்றார். இந்த முறை அவனுக்கு ஒரு தாய் வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு வாரமாக அந்தத் தாய்க்கு ஒரு வரி வசனம்கூட வரவில்லை.