காலையில் இழுக்காத வண்டி

எனக்கு எழுபது வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றுகூட சோடைபோகவில்லை.

என் அப்பா கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போவார். இன்றைக்கு பிக்கப் என்கிறார்களே, அந்த மாதிரி பின்பக்கம் திறந்த டீசல் வண்டி. அதை வாங்குவதற்கு முன், அம்மாவின் ஒரே தம்பி அந்தச் சாலையில்தான் யாருடைய லாரியையோ ஓட்டிப் போய்ச் செத்துப்போனார். அதனால் அப்பா கிளம்பும் முன் தினமும் அம்மா பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து விபூதி இடுவாள். அது ஆகாமல் வண்டி வாசலைத் தாண்டாது.

எனக்குப் பத்து வயதிருக்கும். மார்கழிப் பனியில் வண்டி முரண்டு பிடித்தது. வெள்ளை வெள்ளையாகப் புகை கக்கும், உடம்பெல்லாம் உதறும், அணைந்துபோகும். தெருவே கூடித் தள்ளினால்தான் உயிர் வரும். ஊர் எல்லை தாண்டும்வரை நொண்டிக்கொண்டே போகும். ஐஸ் கரைந்து மீன் பிந்தியது. இன்னொரு தடவை பிந்தினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று வியாபாரி சொல்லிவிட்டார்.

சிதம்பரத்தில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். அப்பா போகும் போதெல்லாம் அவரிடம் காட்டுவார். அவர் பார்க்கும்போது வண்டி சமர்த்தாக ஓடும். டீசல் பில்டரை மாற்றியாயிற்று, பேட்டரியை மாற்றியாயிற்று, குணமில்லை.

ஒருநாள் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “சூடான வண்டிய ஓட்டியாந்து காட்டினா எனக்கு என்னா மச்சான் தெரியும்? ராத்திரி இங்கயே வுட்டுட்டுப் போ. ஆறின எஞ்சின்தான் உண்மையச் சொல்லும்.”

மறுநாள் காலை அப்பாவோடு நானும் அடம்பிடித்து பஸ் ஏறினேன். பட்டறையில் வண்டி பனியில் நனைந்து நின்றது. பாய் சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, முன்பலகையில் இருந்த சின்னக் கம்பிச் சுருளையே பார்த்தார். அது சிவக்க வேண்டுமாம். சிவக்கவில்லை.

“ஹீட்டர் பிளக் சூடே ஏறல. ஆறின எஞ்சினுக்கு அதான் அடுப்பு. அடுப்ப மூட்டாம சோறு கேட்டா?”

எஞ்சினுக்குள் தலையை விட்டவர் ஒரு ஒயரின் முனையைச் சுரண்டினார். மேலே மஞ்சளாகப் பொருக்கு. அதன் அடியில் பச்சைக் களிம்பு. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

“என்னா மச்சான், எஞ்சினுக்கு நலங்கா வச்சீங்க? மஞ்சத் தண்ணி இறங்கி எல்லா முனையும் அரிச்சுப்போச்சு. மொதல்ல தங்கச்சிகிட்ட சொல்லி அத நிறுத்து.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. குனிந்து அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார்.

“நிறுத்த முடியாது பாய். வேற வழி பாரு.”

பாய் அவர் முகத்தைப் பார்த்தார். களிம்பைச் சுரண்டி, பிளக்கை மாற்றி, பழைய டியூப் ரப்பரை வெட்டி முனைகளுக்கு மேல் கூரை மாதிரி கட்டினார். கம்பிச் சுருள் சிவந்தது. வண்டி ஒரே சாவியில் எழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “என்னவாம்?”

“டீசல்ல தண்ணி கலந்துருக்கான் பங்க்குக்காரன்.”

நான் வாயைத் திறந்தேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். பாவம், அந்த பங்க்குக்காரனை அம்மா தை முடியும்வரை திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்து, சொம்பை அப்பாவே எடுத்து அம்மா கையில் கொடுத்தார். ஊரையே அதட்டும் மனிதர் பெண்டாட்டிக்குப் பயந்து பொய் சொல்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் மூத்தவன் முதன்முதலாக பைக்கை எடுத்துக்கொண்டு பண்ருட்டிச் சாலையில் திரும்பி மறைந்தபோது, அம்மாவின் சொம்புகூட இல்லாமல் வெறும் கையோடு வாசலில் நின்றேன். அப்பா காப்பாற்றியது எதை என்று அன்றுதான் தெரிந்தது. அதைச் சொல்ல அப்போது அவர் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியது போதும்டீ பேத்திக் கண்ணு, பேனாவை வை. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நீ முதலிலிருந்து படி. அப்பா பொய் சொன்ன இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.