தலைவர் பின்னால்தான் உட்காருவார்

1957இல் மலாயாவுக்குச் சுதந்திரம் வேண்டியிருந்தது; காஜா பேராங்கில் குடியிருந்த கலியாணசுந்தரத்துக்குத் தமிழர் நலச் சங்கத்தின் தலைவர் பதவி வேண்டியிருந்தது. நாட்டுக்காவது தேதி குறித்தாகிவிட்டது. இவரோ பதினோரு ஆண்டுகளாகத் துணைச் செயலாளராகவே நாற்காலி அடுக்கி, சோடா உடைத்துக் கொடுத்துத் தேய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் இலாகாவில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. சொந்தமாக ஒரு மோரிஸ் மைனர் கார். அதைத் துடைக்கிற துணியைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருப்பார் என்று ஊரில் பேச்சு.

தலைவர் ஜெயபாலன் அந்த ஆண்டோடு விலகப்போகிறார், அவர் கைகாட்டுகிற ஆள்தான் அடுத்த தலைவர் என்று தெரிந்ததும், கலியாணசுந்தரம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வாக்குக் கொடுத்தார். சுதந்திர ஊர்வலத்தில் சங்கத்தின் அலங்கார வண்டியைத் தன் காரே இழுக்கும்!

தெங்கேராவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சின்னப்பா, இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைச் செய்து கொடுத்தார். எதைக் கொண்டு காரோடு மாட்டுவது என்பதில்தான் தகராறு.

"எஸ்டேட் டிராக்டர்ல போடுற கொக்கியே போதும் சார். கெட்டியா நிக்கும்."

"டிராக்டர் கொக்கியா? என் காருக்கா?"

கலியாணசுந்தரம் இங்கிலாந்து விலைப்பட்டியல் ஒன்றை மூன்று வாரம் மனப்பாடம் செய்திருந்தார். இரும்புக் குண்டும், அதன்மேல் கவிழ்கிற கிண்ணமும். டிரெய்லர் வால் ஆட்டாமல் பிடித்துக்கொள்ள உராய்வுக் கட்டையோடு ஒரு நீளக் கம்பி. சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்த அந்தச் சாமான் ஒரு வாரம் வரவேற்பறை மேசையிலேயே கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் பார்த்து வியந்த பிறகுதான் பட்டறைக்குப் போனது.

புக்கிட் ரம்பாய் சாலையில் மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். மூட்டைகள் பின்னால் இருந்தபோது, முப்பது மைலைத் தொட்டதும் டிரெய்லர் இப்படியும் அப்படியும் அலைந்தது. காரின் பின்புறமே தூக்கிக்கொண்டது. சின்னப்பா பாதிக்கு மேற்பட்ட மூட்டைகளை முன்னால் தள்ளி வைத்தார். சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது வண்டி.

"கம்பி ஆட்டத்தக் கொறைக்கும் சார். தப்பா ஏத்துன பாரத்த அது சரி பண்ணாது."

வீட்டில் மனைவி சந்திரமதியும் அதையேதான் சொன்னாள். அவள் அப்பா தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். "பின்பாரம் ஏறுனா நொகத்தடி மேல தூக்கும்ங்க. மாட்டுக் கழுத்து இறுகிப் போகும். முன்னாலயே ஏத்துங்க."

மோரிஸ் காரை மாட்டோடு சேர்த்துப் பேசியது பொறுக்காமல் கலியாணசுந்தரம் எழுந்து போய்க் காரை இன்னொரு முறை துடைத்தார். ஆனால் விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. ஊர்வலத்தன்று நிர்வாகிகளுக்கான பெரிய நாற்காலிகள் நான்கையும் அவரே டிரெய்லரின் முன்பக்கம் போட்டார்.

ஜெயபாலன் பட்டு ஜிப்பாவோடு வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது? முன்னால டிரைவரும் கிளீனரும்தான் உக்காருவான். மொதலாளி, தவுக்கே, பின்னாலதானய்யா உக்காருவாரு!"

மற்ற மூன்று நிர்வாகிகளும் தலையாட்டினார்கள். நால்வரில் யாரும் இளைத்தவர் இல்லை. நாற்காலிகள் வால்புறம் போயின; அட்டையில் செய்த மலாயா வரைபடம் முன்னால் வந்தது. சின்னப்பா கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். கலியாணசுந்தரம் வாயைத் திறந்தார். கைகாட்டப்போகிற அந்தக் கை கண்ணில் பட்டது. திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

ஊர்வலம் நடை வேகத்தில் போனதால் ஒரு குறையுமில்லை. கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வானம் இருட்டியது. ஜிப்பா நனைந்துவிடுமே என்று, "அழுத்துய்யா!" எனப் பின்னாலிருந்து தலைவர் கத்தினார். ஓட்டிய கலியாணசுந்தரம் அழுத்தினார். காஜா பேராங் சாலையில் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. பயந்துபோய் பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான். சங்கத்தின் மொத்த நிர்வாகமும் சாலையோர லோங்காங் சாக்கடையில் கிடந்தது. தலைவருக்கு மணிக்கட்டு முறிந்தது. விழுந்த வேகத்தில் டிரெய்லரை இழுக்கும் கம்பியும் வெல்டிங் விட்டு முறிந்தது.

அடுத்த ஞாயிறு காலை சங்கக் கூட்டம். கையில் மாவுக்கட்டோடு ஜெயபாலன் கேட்டார்: "எதனாலய்யா கவுந்துச்சு?"

சின்னப்பா எழுந்தார். "பாரம் பின்னால இருந்துச்சுங்க. முன்னால வெச்சப்ப நல்லா ஓடுச்சு. சாரே ஓட்டிப் பாத்தாரு. கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். ஆமாம் என்ற ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தலைவர் விழுந்தது தலைவராலேயே என்று அர்த்தம்.

"வெல்டிங் சரியில்ல" என்றார் கலியாணசுந்தரம். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த அளவுக்கு வெட்கம் மிச்சமிருந்தது.

ஜெயபாலன் நல்ல கையைத் தூக்கி அவரைக் காட்டினார். கழுத்தில் மாலை விழுந்தது.

புதிய தலைவர் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கழுத்து மாலையோடு வீட்டுக்கு வந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. சந்திரமதி வாசலிலேயே நின்றாள்.

"சின்னப்பா சம்சாரம் இப்பத்தான் அழுதுட்டுப் போவுது. பட்டறைல இருந்த ரெண்டு லோரியயும் வேல முடியறதுக்கு முன்னாலயே எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். வெல்டிங் சரியில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே."

அவர் மாலையைச் சரிசெய்தார்.

"முன்னால ஏத்துங்கன்னு நானும்தான் சொன்னேன்" என்றாள் அவள். "நாளைக்கு என்னயக் கேட்டா என்ன சொல்லுவீங்க? சமையல் சரியில்லன்னா?"

தலைவர் தன் வீட்டு வாசலில் நின்றார். அவள் வழிவிடவில்லை.