கேட்டுக்கு இரண்டு பூட்டு

வீட்டை வாடகைக்கு விட்டவன் நீதிபதியாகவும் இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷமாக விட்டிருப்பேன். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து, துரை சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன் நான். ஓய்வுபெற்று கந்தப்பளையில் வீடு கட்டிய பிறகுதான் என் பேச்சைக் கேட்க இரண்டு பேர் கிடைத்தார்கள். விடுவேனா?

என் வீடு மேட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே, ரோட்டோரமாக, இரண்டு பகுதியாகப் பிரித்துக் கட்டிய சின்ன வீட்டைத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு பகுதிக்கும் ஒரே கேட், ஒரே சிமெந்துப் பாதை. முன்பகுதியில் யாழ்ப்பாணத்து மாஸ்டர். குடும்பம் ஊரில் இருக்க, இவர் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். பின்பகுதியில் தையல்காரப் பெண். மஸ்கெலியாவில் அண்ணன் குடும்பத்தோடு தோட்டத்து லயத்தில் ஒரே காம்பிரா அறைக்குள் நெருக்கியடித்து இருந்தவர், ஒரு தையல் மெஷினோடு தனியாக வந்து சேர்ந்தார். ஊரே அவரை அக்கா என்கிறது. அக்காவிடம் வருகிற ஆட்கள் மாஸ்டரின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாஸ்டர் தன் வாசலில் ஒரு பெயின்ட் வாளியில் முருங்கை வளர்த்தார். கந்தப்பளைக் குளிரில் முருங்கை! லீக்ஸ் வரும், கரட் வரும், உருளைக்கிழங்கு வரும். முருங்கை வருமா? ஆனால் அவர் அந்தக் கம்பை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். குளிர் கூடினால் வாளியை உள்ளே தூக்குவார், வெயில் எட்டிப் பார்த்தால் வெளியே வைப்பார். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அது முழங்கால் உயரம் வளர்ந்து, நாலு ஈர்க்கு இலை விட்டதும், ஒரு நாள் மொட்டையாக நின்றது.

"ஆடு திண்டு போட்டுது, ஐயா," என்றார் மாஸ்டர். "இது மூண்டாம் தரம். அக்கான்ர ஆக்கள் படலையைத் திறந்தா பூட்டுறதில்லை. ரோட்டில போற ஆடெல்லாம் உள்ள வருது. ஒண்டில் படலை பூட்ட வேணும், இல்லாட்டி நான் வேற இடம் பாக்க வேணும்."

"கேட்ட பூட்டிப்புட்டா என்கிட்ட யாருங்க வருவா?" என்றார் அக்கா. "ஆளில்லன்னு நெனச்சி பஜாருக்குப் போயிருவாங்கய்யா."

அக்காவுக்கு அந்த மாதம் வாழ்வா சாவா என்ற நிலை. அதுவரை கவுன் ஓரம் மடிப்பதும் பிளவுஸ் பிரித்துத் தைப்பதுமாகவே காலம் ஓடியது. இப்போதுதான் முன்பள்ளி டீச்சர் ஒருவர், கலைவிழாவுக்கு நாற்பது வண்ணத்துப்பூச்சி உடுப்பு தைக்கச் சொல்லியிருந்தார். இது சரியாக வந்தால் வருகிற வருடத்து யூனிஃபார்ம் முழுவதும் அக்காவுக்கு. வராவிட்டால் மெஷினைக் கட்டிக்கொண்டு மஸ்கெலியாவுக்கே திரும்ப வேண்டியதுதான். அண்ணி மெஷினை ஏற்கெனவே ஒருமுறை மழையில் வெளியே வைத்தவர்.

நான் முறையாக விசாரணை நடத்தினேன். நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டி, இரு தரப்பையும் நிற்க வைத்தேன். நடுவில் அக்கா, "ஐயா, அந்த ஆடு வந்துங்க..." என்று ஏதோ ஆரம்பித்தார். "விசாரணை நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாதம்மா," என்று அடக்கிவிட்டேன். தீர்ப்பு அப்போதே என் மண்டையில் பளிச்சென்று உதித்திருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் தேயிலை ஸ்டோருக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒரு சாவி டீமேக்கரிடம், மற்றது கிளாக்கரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அத்தனை வருடத்தில் ஸ்டோர் வாசலில் ஒரு சண்டை நடந்ததில்லை. ஆகவே கேட்டுக்கும் அதுவே. மாஸ்டருக்கு ஒரு சாவி, அக்காவுக்கு ஒரு சாவி, என்னிடம் மாற்றுச் சாவிகூடக் கிடையாது. ஒருவர் சாவியை மற்றவரிடம் கொடுக்கக் கூடாது. தினமும் சேர்ந்து திறந்தால் தானாகவே பேசிப் பழகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பித்தளைப் பூட்டு இரண்டு வாங்கினேன், இரும்பறுக்கும் வாளுக்கும் அசையாத சாதி. கேட்டும் லேசுப்பட்டதல்ல. பங்களா ஒன்றிலிருந்து பழசாக வாங்கியது. என்னைவிட உயரம், மேலே வரிசையாக ஈட்டி முனை, இரு பக்கமும் கருங்கல் மதில்.

ஸ்டோர் வேறு, மனிதர்கள் குடியிருக்கும் வீடு வேறு என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் காலையில் பள்ளிக்குப் போனால் திரும்ப இரண்டு மணியாகும். அதுவரை அக்கா உள்ளே சிறை. முதல் நாள் கேட் கம்பிக்குள்ளால் கையை விட்டு ஒரு அம்மாவுக்கு இடுப்பு அளவெடுத்தார். இரண்டாம் நாள் பாண்காரரிடம் ஒரு றாத்தல் பாண் ரொட்டியைக் கம்பிக்குள்ளால் ஒவ்வொரு துண்டாக வாங்கினார். அதையெல்லாம் மேட்டிலிருந்து பார்த்த நான், திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்றே நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

மூன்றாம் நாள்தான் கலைவிழா. காலை எட்டரைக்கு வேன் வந்தது. டீச்சர் இறங்கினார். அக்கா கேட்டுக்கு அந்தப் பக்கம் சிறகுகளோடு நிற்கிறார், இந்தப் பக்கம் டீச்சர். பத்து மணிக்கு நிகழ்ச்சி. மாஸ்டருக்கு அடித்துப் பார்த்தால் போன் ஓஃப். சத்தம் கேட்டு நான் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன்.

"என்னங்க இது, பேங்க்கா?" என்றார் டீச்சர் பூட்டுகளைப் பார்த்து.

மாஸ்டரை ஏற்றிவர வேனைப் பள்ளிக்கு அனுப்பினோம். அதுவரை சும்மா நிற்க முடியுமா? உடுப்புகளைச் சுருட்டிக் கம்பிக்குள்ளால் இழுத்துவிட்டோம். சிறகு மட்டும் வரவில்லை. ஒவ்வொன்றும் கம்பியில் வலைத்துணி கட்டி, சுளகு அளவுக்கு இருந்தது. "மேலால எடுப்போம்," என்று சொல்லிச் சாரத்தை மடித்துக் கட்டினேன். அறுபத்திரண்டு வயதில் அந்தக் கேட்டின் உச்சியில் ஏறிக் குந்தினேன். அக்கா உடுப்புக் காயப்போடும் தடியில் சிறகை மாட்டி நீட்ட, நான் வாங்கிக் கீழே டீச்சரிடம் கொடுத்தேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். பதினெட்டாவது சிறகில் என் சாரம் ஈட்டி முனையில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

அங்கிருந்துதான் அதைப் பார்த்தேன். என் வீட்டுப் பின்பக்கத்து மண் சரிவில் ஒரு கறுப்பு ஆடு ஆடி அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. மனிதர் கால் வைக்க முடியாத சரிவு அது. ஆட்டுக்குப் படிக்கட்டு போல இருந்தது. ஒரு காது வெள்ளை, கழுத்தில் சிவப்பு ரிப்பன். அந்த ரிப்பனைப் போன பொங்கலுக்குக் கட்டிவிட்டதே என் மனைவிதான். நான் காலையில் பேப்பர் வாங்கப் போனதும், புல்லறுக்கும் வேலை மிச்சமென்று அவள் ஆட்டை அவிழ்த்து விடுவது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரியாது. ஆடு நேரே மாஸ்டரின் வாளிக்குப் போய் புதுத் துளிரைத் தின்றது. பிறகு திரும்பி, அக்காவின் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒரு மஞ்சள் சிறகைக் கடித்து இழுத்தது.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. மாஸ்டர் கையில் சாக்கட்டியோடு இறங்கினார். பூட்டைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஐயா, படலை பூட்டித்தானே கிடக்கு?"

"ஆமாங்க," என்றேன் மேலிருந்து.

"அப்ப ஆடு?"

"ஐயா வீட்டு ஆடுதாங்க சார்," என்றார் அக்கா. "அன்னைக்கே சொல்ல வந்தேன். ஐயாதான் குறுக்க பேசாதன்னாங்க."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"நீங்கதான் மூஞ்சி குடுத்தே பேசலியே, சார்."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கேட்டைத் திறந்தார்கள். என்னை இறக்கவில்லை. கதவோடு சேர்ந்து நானும் உள்ளே ஆடிப் போனேன்.

ஆனால் அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஆட்டின் வாயிலிருந்து மீட்ட சிறகு கந்தல். முப்பத்தொன்பது வண்ணத்துப்பூச்சிதான் தேறும். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதாங்க. நான் மஸ்கெலியாவுக்கே போறேன்," என்றார். கேட் மேலிருந்தே மன்னிப்புக் கேட்டேன்.

மாஸ்டர்தான் யோசித்தார். "எல்லாப் பிள்ளையளும் வண்ணத்துப்பூச்சியா இருந்தா மயிர்க்கொட்டி எங்கயிருந்து வாறது? ஒண்டு வேணுமெல்லே?" என்றவர், கம்பளிப்பூச்சி ஒன்று செய்ய, நான் போட்டிருந்த பச்சைக் கம்பளிச் சுவெட்டரைக் கழற்றச் சொன்னார். அக்கா எழுந்து நாலே நிமிடத்தில் அதைக் குறுக்கித் தைத்து, இரண்டு கம்பிக் கொம்பு வைத்தார். மாஸ்டர் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சிறகு நசுங்காமல் மடியில் பிடித்துக்கொண்டு வேனில் போனார். ஒருவழியாகச் சாரத்தை விடுவித்து இறங்கிய நான், பெனியனோடு நடுங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். மேடையில் முப்பத்தொன்பது பேரை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பச்சைக் கம்பளிப்பூச்சிக்குத்தான் கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

அடுத்த நாள் இருவரும் ஒன்றாக என் வீட்டுக்கு வந்தார்கள். நான் அவசரமாக நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டேன்.

"விசாரணையெல்லாம் வேணாங்கய்யா," என்றார் அக்கா. "டீச்சர் யூனிஃபார்ம் முழுசும் எனக்கே குடுத்துட்டாங்க. கேட்டு தொறந்தே கெடக்கட்டும்னு சாரே சொல்லிட்டாரு."

"நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம், ஐயா," என்றார் மாஸ்டர். "நீங்கள் ஆட்டை மட்டும் கட்டிப் போட்டாப் போதும்."

அக்கா போகவில்லை என்பதில் எனக்கு மனம் நிறைந்துதான் இருந்தது. என்னைக் கேட்காமலே எல்லாம் தீர்ந்துபோனதில் கொஞ்சம் வலித்ததும் உண்மை. எதற்காக மறைக்க வேண்டும்? நாற்காலியை எடுத்து மூலையில் போட்டேன். இப்போது காலையில் பேப்பருக்குப் போவதில்லை. மேட்டில் குந்தியிருந்து ஆட்டுக்குப் புல்லறுக்கிறேன். போன திங்கட்கிழமை மட்டும் பதினேழு தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கேட்டால் அக்காவிடம் போனார்கள். ஒருத்தராவது நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டுமே!