வாடியில் எட்டுப் பிள்ளைகள்: வடகரையிலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

எங்கள் ஊர் முன்பள்ளியை நான் பூட்டிவிட்டேன் என்று ஒரு கதை உலாவுகிறது. மீன் சந்தையில் சொன்னார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போதும் சொன்னார்கள். அது பிழை. முன்பள்ளிப் பூட்டின் திறப்பு ஒருநாளும் என் கையில் இருந்ததில்லை. அது ஜெசிந்தா ரீச்சரிடம் இருக்கிறது. பள்ளி இன்றைக்கும் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. நான் செய்தது வேறு. வருகைப் பதிவேட்டில் எட்டுப் பிள்ளைகளின் பெயருக்கு மேலே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். கதை சொல்பவர்கள் அதையாவது சரியாகச் சொல்லட்டும்.

இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தேன். கணவர் காலமாகி ஒன்பது வருடம். மன்னார்த் தீவின் வடகரையில், அவர் பிறந்த ஊரில் இருக்கிறேன். ஊரின் பெயரை இந்த முறை எழுதவில்லை, ரீச்சர் கேட்டுக்கொண்டார். முன்பள்ளிக் குழுவுக்கு நான் செயலாளர். சிறியவரும் பெரியவரும் என்னை மிஸ் என்றே கூப்பிடுவார்கள்.

அரசாங்க உதவியோடு முன்பள்ளி நடத்துவதற்குக் காணியும் கட்டடமும் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போதாது. எங்களுக்குத் தந்த படிவம் ஏழு பக்கம். ஒரு பிள்ளைக்கு இத்தனை சதுர அடி இடம், சுற்றிவர வேலி, எட்டாத உயரத்தில் கேற்றுக் கொழுக்கி, மூடிய கிணறு, பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற மலசலகூடம், முதலுதவிப் பெட்டி, பயிற்சிச் சான்றிதழ் உள்ள ரீச்சர், ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் நிறை பார்த்த அட்டையும். எல்லாம் நான் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: குறைந்தது பதினைந்து பிள்ளைகள். எங்களிடம் இருபத்தொரு பேர் இருந்தார்கள்.

வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கும். மரித்தோர் நினைவு நாளில் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்திய கையோடு சில குடும்பங்கள் தென்பக்கக் கரைக்குப் போய், கிடுகுக் குடிசை கட்டிக்கொண்டு மீன் பிடிப்பார்கள். அந்த இடத்துக்குத்தான் வாடி என்று பெயர். நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்துவிட்டு மறுபடி போவார்கள். பங்குனி, சித்திரையில் வரும் குருத்து ஞாயிறுக்கு முன் திரும்பிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தை மாதம் மூன்று கிழமை தொடர்ந்து வராத எட்டுப் பிள்ளைகளுக்கு, விதியில் உள்ளபடி, 'இடைவிலகல்' என்று எழுதிக் கோடு போட்டேன். இருபத்தொன்றில் எட்டுப் போனால் பதின்மூன்று. முன்பள்ளிகளைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: எட்டுப் பேரும் விலகியதைப் பெற்றோரின் கையெழுத்தோடு பதினான்கு நாளுக்குள் உறுதிப்படுத்தவும்; உறுதியானால் ரீச்சரின் கொடுப்பனவும் பிள்ளைகளின் காலை உணவும் நிறுத்தப்படும்.

அந்தக் கையெழுத்துகளை வாங்கத்தான் போனேன். சுற்றுலாக்காரர் போலப் பெருக்கமரம் பார்க்கவோ கழுதைகளைப் படம் எடுக்கவோ அல்ல. அவற்றைப் பற்றி எழுதப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து காலை 6.10 பஸ். தாராபுரத்தில் பஸ் நிறைந்துவிடும், அதற்கு முன் ஏறுகிறவர்களுக்கு இருக்கை கிடைக்கும். 6.45க்கு மன்னார் பட்டணம். அங்கே இருபது நிமிடத்தில் ஒரு தேத்தண்ணியும் பணிசும். 7.15க்குத் தெற்கே போகும் பஸ். வங்காலை தாண்டி, நறுவிலிக்குளம் தாண்டி, மணல் பாதை பிரியும் சந்தியில் இறங்க வேண்டும். பட்டணத்திலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர், நூற்றுப் பத்து ரூபா.

நடத்துனர் ரிக்கற் கிழிக்கும்போது கேட்டார்: "வாடிக்கோ அம்மா? கருவாடு வாங்கவோ?"

"கையெழுத்து வாங்க."

"அப்ப கருவாட்டை விட விலை கூடத்தான்," என்றார். பின் இருக்கையில் ஒருவர் சிரித்தார். மிச்சக் காசைச் சரியாகத் தந்தார், அதைச் சொல்லவேண்டும்.

தள்ளாடி கழிந்ததும் இரண்டு பக்கமும் சதுப்பும் தண்ணீரும். தை மாதத்தில் பூநாரைகள் நிற்கும். கடலோரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டு எழுதுகிறார்கள்: போகும்போது வலப்பக்க யன்னல்.

சந்தியில் 7.55க்கு இறங்கினேன். ஒரு ஓட்டோ நின்றது.

"வாடி வரைக்கும் போகேலாது அம்மா, மணலில சில்லு புதையும். பாதி வழியில விடுறன். முந்நூறு."

"பாதி வழிக்கு முழுக் காசோ?"

"நீங்கள் இறங்கின பிறகு நான் வெறுமையாத் திரும்பிற பாதியும் இருக்கெல்லே?" என்றவர், என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "நீங்களும் ரீச்சரோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"சனிக்கிழமையில விடிய முதல் பஸ்ஸில ஒரு ரீச்சர் வாறவ, பெரிய பெட்டியோட. புதன் பின்னேரமும் வாறவ. அவவிட்ட நான் காசு வாங்கிறேல்ல."

என்னிடம் வாங்கினார். மீதி ஒரு கிலோமீட்டர் நடந்தேன், இருபத்தைந்து நிமிடம். மணலில் தோல் சப்பாத்து போட்டுக்கொண்டு போகாதீர்கள். படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய பழக்கத்தால் நான் எங்கே போனாலும் மூடிய சப்பாத்துதான் போடுவேன். நான்கு தரம் நின்று மணலைக் கொட்டினேன்.

கிடுகுக் குடிசைகள் தெரிவதற்கு முன்பே ஒரு குரல் கேட்டது. தெரிந்த குரல். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு குடிசைகளுக்கு நடுவே நீலப் படங்கைக் கூரையாகக் கட்டி, கடற்பக்கம் பிள்ளைகள் ஓடாதபடி பழைய வலையைச் சுற்றிவர இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே பாயில் எட்டுப் பிள்ளைகள். முன்னால் ஜெசிந்தா ரீச்சர். ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு இருபத்தொரு பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டார்.

"அபிஷன்?"

"ஊரில!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள்.

"அனிஸ்ரா?"

"இஞ்ச நிக்கிறன்!" ஒரு சிறுமி துள்ளி எழும்பினாள்.

"டினோஜன்?"

"ஊரில!"

நான் அசையாமல் நின்றேன். ஏனென்றால் ஊர்ப் பள்ளியில் இதன் மறுபாதியை நான் கேட்டிருக்கிறேன். இந்த எட்டுப் பேரின் பெயரைக் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகள் "வாடியில!" என்று கத்துவார்கள். குழப்படி என்று நினைத்து இரண்டு முறை அதட்டியும் இருக்கிறேன். ஒரு வகுப்பை இரண்டு கரையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் மறக்காமல் இருக்க ரீச்சர் பழக்கியது அது.

முதலில் என்னைக் கண்டது அனிஸ்ராவின் தாய் மெற்றில்டா. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவ எழும்பினா.

"ஓ, சிவப்புக் கோட்டு மிஸ் வந்திட்டா! வாங்கோ, இருங்கோ. எங்களிட்டயும் கதிரை இருக்கு. இல்லாட்டி அதுக்கும் ஒரு கோடு போட்டிடுவியள்."

மற்றப் பெண்கள் சீலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். அது உறுதியான கதிரை.

ரீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் படம் கீறக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். இருபத்தாறு வயது. முகம் வெளிறியிருந்தது.

"சொல்லாமல் விட்டது பிழைதான் மிஸ்."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் நீங்கள் எழுதுவீங்கள். அனுமதி இல்லாத இடத்தில படிப்பிச்சதெண்டு என்ர பதிவை வெட்டுவினம். நீங்கள் எழுதாமல் விடுற ஆள் இல்லை."

அது உண்மை. எழுதினால் ரீச்சர் போவார். எழுதாவிட்டால் பள்ளி போகும்.

என் கணவரின் அண்ணன்மார் இந்தக் கரைக்குத்தான் வாடி வந்தவர்கள். ஒவ்வொரு வருடமும் அவர் கேட்பார்: "ஒருக்கா வாருமன், பாத்திட்டு வருவம்." "மலசலகூடம் கட்டினால் வாறன்," என்று நான் சொல்லுவேன். அவர் சிரித்துக்கொண்டு தனியே போவார். முப்பத்தெட்டு வருடம் அப்படியே கழிந்தது. வந்து பார்த்திருந்தால், இங்கே வருகிற பிள்ளை எங்கேயும் விலகிப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

பையிலிருந்து ஏழு பக்கப் படிவத்தையும் அளவு நாடாவையும் எடுத்தேன்.

"ஆர் இந்தத் தொங்கலைப் பிடிக்கப் போறது?" என்று கேட்டேன். அனிஸ்ரா ஓடி வந்தாள். நாடாவின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வலையோரம் போய் நின்றாள்.

"எத்தினை மிஸ்?"

"பதினெட்டு அடி."

"அது கூடவோ, குறையவோ?"

"காணும்," என்றேன். அகலம் பன்னிரண்டு. எட்டுப் பிள்ளைக்கு அது தாராளம். வேலி: வலை, நாலடி உயரம், ஓட்டை பொத்தியது. குடிதண்ணீர்: மூடிய பீப்பாய், நீள அகப்பை. முதலுதவிப் பெட்டி: ரீச்சர் கொண்டுவருகிறார். உணவு: அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், தாய்மார் முறை வைத்துச் சமைப்பது. மலசலகூடத்தை மெற்றில்டா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. கிடுகு அடைப்பு, வாளி நிறையத் தண்ணீர், சவர்க்காரம். பிள்ளைகளின் உயரத்துக்கு இல்லை. அதை 'இல்லை' என்றே எழுதினேன். காணி அனுமதிக் கடிதமும் இல்லை. அதையும் எழுதினேன்.

நான் தட்டச்சு செய்துகொண்டு போயிருந்த கடிதத்தில் "எனது பிள்ளை முன்பள்ளியிலிருந்து விலகிவிட்டது" என்று இருந்தது. மெற்றில்டா வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தா. "இதில நான் கையெழுத்து வைக்கமாட்டன் மிஸ். பொய்க்கு வைக்கிறேல்ல."

எட்டுத் தாளையும் மறுபக்கம் திருப்பினேன். கையால் எழுதினேன்: "எனது பிள்ளை விலகவில்லை. வாடியில் இருக்கிறது. குருத்து ஞாயிறுக்கு முன் ஊருக்குத் திரும்பும்." எட்டுக் கையெழுத்தும் கிடைத்தன. இரண்டு தகப்பன்மார் கடலிலிருந்து வரும்வரை, 10.40 வரை, காத்திருந்தேன். சுட்ட மீனும் பாணும் தந்தார்கள்.

பதிவேட்டை மடியில் விரித்தபோது அனிஸ்ரா எட்டிப் பார்த்தாள்.

"என்ர பேர் எது?"

காட்டினேன்.

"ஏன் அதில சிவப்பு?"

"நான் பிழை விட்டிட்டன் பிள்ளை."

ரீச்சரின் பெட்டியைக் கிளறி அழி றப்பர் கொண்டுவந்து நீட்டினாள். பேனை எழுத்தை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. கந்தோர் முறை ஒன்று இருக்கிறது: பிழைக்கு மேலே 'கோடு தவறு' என்று எழுதி, முதலெழுத்தும் திகதியும் இடுவது. நீலப் பேனையால் எட்டு முறை எழுதினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் விரல் மடித்து எண்ணினாள். எட்டு முடிந்ததும் றப்பரைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

திரும்பும் பஸ் 12.40. ரீச்சரும் நானும் ஒரே இருக்கையில். "எல்லாத்தையும் எழுதப்போறன்," என்று சொன்னேன். "உம்மட பேரோட. கந்தோருக்கும் எழுதுவன், என்ர பக்கத்திலயும் எழுதுவன். வேண்டாமெண்டால் இப்ப சொல்லும்."

நறுவிலிக்குளம் வந்த பிறகு ரீச்சர் சொன்னார்: "எழுதுங்கோ மிஸ். ஒளிச்சு ஒளிச்சு வாறது களைப்பா இருக்கு. உங்கட பக்கத்தில ஊர்ப் பேரை மட்டும் போடாதேங்கோ."

பிறகு நித்திரையாகிவிட்டார். பெட்டி மடியிலிருந்து சரிந்தது, அதை நான் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பாரமான பெட்டி. வங்காலைக்கு அப்பால் பூநாரைகள் நின்றன, நூறுக்குக் குறையாது. எழுப்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை 7.15 பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது 9.30, வெயில் தாங்காது. தண்ணீர் கொண்டு போங்கள். வாடித் தண்ணீர் பவுசர் லொறியில் வருவது, அவர்களுக்கே அளவு. பெண்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். முன்பள்ளி நடத்துகிறவர்களுக்கு: பதிவேட்டில் கோடு போட முன், பிள்ளை எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எனக்கு அதற்குப் போக வர எட்டு மணித்தியாலம்தான் பிடித்தது.

கந்தோரில் எங்கள் கோப்பைப் பார்க்கும் உத்தியோகத்தர் இந்தப் பக்கத்தை வாசிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, எட்டுக் கையெழுத்தும், அளவுகளும், இல்லாதவற்றின் விபரமும் பதிவுத் தபாலில் திங்கட்கிழமை அனுப்பியிருக்கிறேன். கோடு போட்டது என் பிழை, ரீச்சரின் பிழை அல்ல என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: வாடியில் பெயர் கூப்பிடும்போது "இஞ்ச நிக்கிறன்" என்று சொல்லும் பிள்ளை, உங்கள் படிவத்தின்படி வந்த பிள்ளையா, வராத பிள்ளையா? தொலைபேசியில் சொல்லவேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.