லேபிள் ஓரத்தில் என் முகம்

பினாங்கில் கடை வைத்திருந்த என் பள்ளித் தோழன், ஐரோப்பா பார்க்கத் துணைக்கு வரச் சொல்லி 2006 ஜனவரியில் போன் செய்தான். செலவெல்லாம் அவனுடையது.

"ஏலே, நீதான் அம்புட்டுப் புத்தகம் படிச்சவன். எங்கன எம்புட்டு நாள் இருக்கணும்னு நீயே திட்டம் போடு" என்றான்.

அவனுடையது மலேசியப் பாஸ்போர்ட். விசா இல்லாமலே ஐரோப்பாவின் ஷெங்கன் கூட்டு நாடுகளுக்குள் போகலாம். ஆனால் ஆறு மாதத்தில் மூன்று மாதம்தான் இருக்கலாம். குரோஷியா அப்போது அந்தக் கூட்டத்தில் சேராத நாடு. இடையில் பத்து நாள் அங்கே போய்விட்டுத் திரும்பினால் மொத்தம் நூறு நாள் வந்தது. பட்டாசுக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தேன். எனக்கு விசா தேவை என்பது தெரியும். அது கிடைத்துவிட்டால் எனக்கும் அதே மூன்று மாதம்தான் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரர் சிவகாசியில் அச்சகம் நடத்துபவர். விஷயத்தை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விசாவுக்காக ஸ்டுடியோ கோட்டை மாட்டிக்கொண்டு எடுத்த படத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் தாளின் ஓரத்தில் அவருக்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் என்னை வைத்துவிட்டார். 'நூறு நாள் ஐரோப்பியப் பயணம் செல்லும் எங்கள் தெருவின் வரலாற்று அறிஞரை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' பெட்டி லேபிள் எத்தனை ஆயிரமோ, நானும் அத்தனை ஆயிரம்.

"ஓரம் வீணாத்தான அண்ணாச்சி போகும்" என்று சிரித்தார்.

பஸ் நிலையச் சுவரிலும் நாரணாபுரம் ரோட்டுத் தந்திக் கம்பங்களிலும் தொழிலாளரை ஏற்றிப்போகும் வேன்களின் பின்கதவுகளிலும் கோட்டுப் போட்டு நின்றேன். அதைப் பார்க்கவே சாயங்காலங்களில் நடக்கப் போனேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

விசா வந்தபோது பதினைந்து நாள் என்று இருந்தது. ஒரே ஒரு முறை நுழையலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் மாலை போட்டு அனுப்பினார்கள், போனேன். பதினைந்தாம் நாள் தோழன் ரோமில் என்னை விமானம் ஏற்றிவிட்டு, என் திட்டத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெனிஸுக்குப் புறப்பட்டான்.

சென்னையில் இறங்கிய நான் வீட்டுக்குப் போகவில்லை. ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"தெருவுல கேப்பாகளே, நான் என்ன சொல்ல?"

"அங்கனதான் இருக்கேன்னு சொல்லு."

"சரி" என்று போனை வைத்தாள். அவள் சர்ச்சில் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித் தருகிறவள்.

தங்கை வீட்டு வாசலில்தான் கம்பெனி வேன் காலையில் வந்து நிற்கும். அதன் பின்கதவிலும் நான் இருந்தேன். ஒருநாள் ஏறப்போன பெண்ணொருத்தி கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி, படத்துல இருக்குறவுக இவுகதான?"

"போடி. அவுக ஐரோப்பாவுல இருக்காக. அந்தக் கோட்டுக்காரரு இங்கன வந்து லுங்கியோட வேப்பங்குச்சியில பல்லு விளக்குவாராக்கும்?"

வேன் முழுக்கச் சிரித்தது. நான் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வேன் தினமும் சிவகாசிப் பக்கம் போய் வரும் வேன்.

ஜூன் நடுவில் மனைவி வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"எதிர்வீட்டு அக்கா முதல்ல தினமும் கேட்டாக, அண்ணாச்சி என்ன சாப்பிடுதாக, எந்த ஊர்ல இருக்காகன்னு. நானும் வாயில வந்ததைச் சொன்னேன். இப்ப ஒரு வாரமா எதுவும் கேக்கல. நான் தெருவுல நடந்து வந்தா பேச்சை மாத்திக்கிடுதாக. அவுக கேட்டப்பக்கூட எனக்கு இம்புட்டு வலிக்கல. கிளம்புங்க."

பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு சுவரிலும் நான் இல்லை. பசை காய்ந்த கட்டங்கள் மட்டும் இருந்தன. சிலவற்றில் கத்தியால் சுரண்டிய கோடுகள். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். எப்போது வந்தேன், ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. நான் சுவரைப் பார்ப்பதைப் பார்த்தவர், "மழையில போயிருச்சு அண்ணாச்சி" என்றார்.

மழை பெய்த நாளையெல்லாம் இருபது வருடமாகக் குறித்து வருகிறவன் நான். ஊரில் இல்லாத நாளிலும் மனைவியிடம் போனில் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அது அவருக்கும் தெரியும். சிவகாசியில் ஏப்ரலுக்குப் பிறகு மழை இல்லை.

"நல்ல மழை போல" என்றேன்.

மனைவி பூட்டைத் திறந்து, எனக்காகக் காத்திராமல் உள்ளே போனாள்.