காப்பு கட்டியவள் அழக் கூடாது

என் கல்யாண ஆல்பத்தில் அம்மா சிரிக்காத படமே கிடையாது. சாதாரண நாளில் அம்மாவைச் சிரிக்க வைப்பது லேசான காரியமில்லை. பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரிடமும் நியாயம் கேட்டுச் சண்டைக்கு நிற்கிற முகம் அது. அந்த முகம் அன்று ஏன் அப்படிச் சிரித்தது என்பது தாலி ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வைகாசியில் கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டு, பெண்ணுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் கையில் மஞ்சள் காப்பு கட்டிவிட்டால், கல்யாணம் முடிகிறவரை அவர்கள் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, கண்ணீர் விடக் கூடாது, எந்தத் தீட்டும் அவர்களை அண்டாது என்பது எங்கள் வழக்கம். காப்பு கட்டிய மறுநாள் காலையில் மானாம்பதியிலிருந்த அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார்.

மானாம்பதி ஒன்றும் சீமையில் இல்லை. பஸ் ஏறினால் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் பெரியவர்கள் கூடிப் பேசி, நட்ட பந்தக்காலைப் பிடுங்கினால் பெண்ணுக்கு ஆகாது என்று முடிவுசெய்தார்கள். காப்பு கட்டாத ஆண்கள் மட்டும் போய் வந்தார்கள். என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். மாமா எங்கே என்று நான் கேட்டதற்கு அம்மா, "மாமனுக்கு ஜொரம்டி, எய்ந்து நிக்க முடியல" என்று சொல்லி என் தலையில் பூ வைத்தாள். அவர் நின்று எனக்கு மாலை போட வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதையும் அம்மா சிரித்த முகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாவின் கருமாதியும் எங்கள் மறுவீட்டு விருந்தும் ஒரே நாளில் வந்து தொலைந்தன. புது மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று அம்மா அதற்கும் போகவில்லை. மாமாவின் மனைவி, எனக்கு அத்தை, ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "பொயுது சாயற வரிக்கும் தூக்காம வெச்சிக்கினு கெடந்தோம். கூடப் பொறந்தவ வந்து மூஞ்சியப் பாக்கல. இனிமே அந்த வூட்டுக்கும் இந்த வூட்டுக்கும் ஒண்ணும் கெடயாது." அம்மா அதைக் கேட்டாள், முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போனாள்.

ஆடி மாதம் சீருக்குப் போயிருந்தபோதுதான் கவனித்தேன். கொடியில் துணி காயப்போட அம்மா முக்காலி போட்டு ஏறினாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஜாக்கெட் போட்டுவிட ஆள் வேண்டியிருந்தது. படுத்தால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. கல்யாணத்தில் அண்டா தூக்கிய வேலைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். சுளுக்கு எடுக்கிறவர் வந்து இழுத்த இழுப்பில் இருந்த கையும் போய்விடுமோ என்று பயந்தேன். நொச்சி ஒத்தடம், உப்பு ஒத்தடம், கடைத்தெரு பாய் கொடுத்த தைலம் என்று எதையும் விடவில்லை. பாய் நல்ல மனிதர். "இது கேக்கலன்னா டாக்டராண்ட காட்டும்மா" என்று அவரே சொல்லிவிட்டார்.

காஞ்சிபுரத்தில் காட்டினோம். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வுதான் இறுகிப்போயிருக்கிறது என்றார்.

"எலும்பு நல்லா கீதுன்னா வலி இன்னாத்துக்கு வருது?" என்றார் நைனா. என் அப்பாவுக்கு எல்லாம் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை.

சுவரில் விரலை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி ஒன்றை டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, தூக்கம் வருகிறதா, மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்டார். மனது இறுகியிருந்தால் உடம்பும் விறைத்துக்கொள்ளும், இருக்கிற வலி இரண்டு மடங்காகத் தெரியும் என்றார்.

"எனக்கு இன்னா பாரம் டாக்டரம்மா? பொண்ணக் கட்டிக் குடுத்துட்டேன், கவல வுட்டுச்சு" என்று அம்மா சிரித்தாள். ஆல்பத்தில் இருக்கிற அதே சிரிப்பு.

நாங்களும் தலையாட்டினோம். வீட்டில் மாமா பேச்சை யாரும் எடுப்பதில்லை. அம்மா மனது நோகும் என்று அவருடைய போட்டோவைக்கூட நைனா கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தார். பாசத்தில் செய்ததுதான். புண்ணைப் பார்க்காமல் கட்டுக்கு மேல் கட்டாகப் போட்டுக்கொண்டே போனோம்.

கை அப்படியே இருந்தது. பயிற்சியை அம்மா தினமும் செய்தாள், வலி தாங்காமல் பாதியில் விட்டாள். மறு வருடத்துக்குள் கழுத்துக்கும் முதுகுக்கும் வலி பரவியது. சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாள். கண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் போனால்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அப்போதுதான். இந்தக் கை இனி இப்படியேதான், அம்மாவும் இனி இப்படியேதான் என்று நினைத்துப் படுத்தால் தூக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் பழையசீவரம் பக்கம் எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு கிழவி இறந்துபோனாள். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் பார்த்த கல்யாணச் சாவு. மேளம் ஒரு பக்கம், வேட்டு ஒரு பக்கம், மகன்களே ஆடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பிடித்துக்கொள்ள அம்மாவுக்குக் கை வராது என்பதால் நானும் கூடப் போனேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் பிணத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவள் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஜென்மப் பகையாக இருந்தாலும் சரி, சாவு வீட்டில் நீட்டிய கையைத் தட்டிவிடக் கூடாது. அம்மா குனிந்த தலையோடு போய், இடம் இருந்த பக்கம் உட்கார்ந்தாள். நிமிர்ந்தால் எதிரே மானாம்பதி அத்தை.

அம்மா இடது கையை மட்டும் நீட்டினாள். வலது கை மடியிலேயே கிடந்தது. அத்தை அந்தக் கையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே முன்னால் நகர்ந்துவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவிடமிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. "எண்ணா, நீ போன அன்னிக்கு நான் பூ வெச்சிக்கினு நின்னேனே... சிரிச்சிக்கினு நின்னேனே..." என்று கதறினாள். அத்தை, "பொண்ணுக்குச் சீர்ப் பொடவ எடுத்து வெச்சிட்டுப் போனாரே, பெட்டில அப்பிடியே கீதே" என்றாள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கிழவியின் மூத்த மகன் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து, "நம்ம அம்மாவுக்கு இவ்ளோ அயுவுறாங்களே, யாரு இவுங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் திரும்பக் கூடாது. வயலில் பம்புசெட்டுத் தொட்டியில் எல்லோரும் குளித்தார்கள். அம்மாவால் சொம்பைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நான் எழுந்து போவதற்குள் அத்தை சொம்பை வாங்கி அம்மா தலையில் ஊற்றினாள்.

"வலிக்குது அண்ணி" என்றாள் அம்மா. எங்களிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. முகத்தைப் பார்த்து நாங்களாகத்தான் தெரிந்துகொள்வோம்.

"வலிக்கும்டி. எனக்குந்தான் வலிக்குது" என்றாள் அத்தை, இன்னொரு சொம்பு மொண்டுகொண்டே.

கை அன்றைக்கே சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். சரியாக மாதங்கள் பிடித்தன. ஆனால் அம்மா தூங்க ஆரம்பித்தாள். அத்தை மானாம்பதியிலிருந்து வந்து, "ஏத்துடி, இன்னும் ஏத்து" என்று அம்மாவின் விரல்களைச் சுவரில் மேலே தள்ளுவாள். அம்மா வலியில் அத்தையை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். இருவரும் நடுவில் மாமாவைப் பற்றிப் பேசி அழுவார்கள், அப்புறம் காபி குடிப்பார்கள். அடுத்த பொங்கலுக்குள் அம்மா முக்காலி இல்லாமல் துணி காயப்போட்டாள். மழை நாளில் தோள் லேசாகக் குடையும், அவ்வளவுதான்.

ஒருநாள் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டேன். "காப்பாவது கத்திரிக்காயாவதுன்னு அத்துப் போட்டுட்டுப் போயிருக்க வேண்டியதுதானம்மா? என் கல்யாணம் இன்னொரு நாள் நடந்தா இன்னா கொறஞ்சிடும்?"

"பெரியவங்க பேச்சுக்குப் பயந்தா இருந்தேன்? எனக்கு இன்னா பயம்?" என்றாள் அம்மா. "நீ மணவறைல என் மூஞ்சியையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தடி. நான் ஒரு சொட்டு வுட்டிருந்தாலும் நீ எய்ந்து வந்திருப்ப."

வந்திருப்பேன். மாலையும் கழுத்துமாக எழுந்துதான் வந்திருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.